பாட்டு டீச்சரைக் கடத்திய பறக்கும் தட்டு

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, பழைய ‘கலை அரசி’யை மறுபடி பார்த்தேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். ஜொகூரின் பெக்கோக் வட்டாரத்தில் எம்.ஜி.ஆர். ரசிகர்கள் இன்னும் பேனாவும் கையுமாகத்தான் இருக்கிறார்கள் என்பது தபால் கட்டைப் பார்த்ததும் புரிந்தது. அச்சில் ஏற்றக்கூடிய கேள்விகள் இதோ. ஏற்ற முடியாதவை நம்பியார் ரசிகர்கள் எழுதியவை.

கே: எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போனாரா? சும்மா அளக்காதீர்கள் ஐயா!
— கல்லூரி மாணவர், சிகாமட்

ப: அளக்கவில்லை தம்பி. 1963 ஏப்ரலில் வந்த படம். இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். எம்.ஜி.ஆர். மோகன் என்கிற விவசாயி. அவருடைய காதலி வாணியாக பி. பானுமதி. எங்கோ ஒரு கிரகம். அங்கே விஞ்ஞானம் கொடிகட்டிப் பறக்கிறது; பாட்டும் ஆட்டமும்தான் கிடையாது. குறையைத் தீர்க்க பூமிக்கு ஆள் அனுப்புகிறார்கள். வந்து இறங்குகிறவர் எம்.என். நம்பியார். அனுப்பிய ஆளைப் பார்த்ததுமே காரியம் எப்படி நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது! வாணியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்கிறார். இந்தியத் திரையில் வேற்றுக்கிரகவாசி தலைகாட்டிய முதல் படம் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

யூரி ககாரின் மேலே போய் வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கேரளத்துத் தும்பாவில் இந்தியா முதல் ராக்கெட்டை விட்டது அதே 1963, நவம்பர் 21ல். எம்.ஜி.ஆர். ஏழு மாதம் முந்திக்கொண்டார். படத்தில் வரும் தட்டைப் பார்த்து அட்டை என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தும்பாவில் ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புகைப்படம் ஒன்று இருக்கிறது. அங்கே அலுவலகமே ஒரு பழைய தேவாலயத்தில்தான் நடந்தது. அந்தப் படத்தையும் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சிரியுங்கள்.

கே: வேற்றுக்கிரகவாசி இவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசுகிறாரே, எப்படி?
— வாசகர், யோங் பெங்

ப: ஹாலிவுட் படத்தில் இறங்குகிறவர் ஆங்கிலம் பேசியபோது யாருக்காவது கடிதம் போட்டீர்களா? 1951ல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் கிளாட்டு என்கிற விருந்தாளி, பூமியின் வானொலியைக் கேட்டே மொழி கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நம்பியாருடைய உச்சரிப்பைப் பார்த்தால், அந்தக் கிரகத்தில் இலங்கை வானொலி நன்றாக எடுத்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

கே: கடத்தியதுதான் கடத்தினார்கள், சரோஜாதேவியைக் கடத்தியிருக்கக் கூடாதா? பானுமதி எதற்கு?
— சரோஜாதேவி ரசிகர், குளுவாங்

ப: சரோஜாதேவியைக் கொண்டுபோனால் பி. சுசீலாவையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும் அண்ணே. தட்டில் இரண்டு சீட்டு.

விளையாட்டு போகட்டும். படத்திலேயே புத்திசாலித்தனமான காரியம் இந்தத் தேர்வுதான். பானுமதி தன் பாட்டைத் தானே பாடியவர். பரணி பிக்சர்ஸ் என்று சொந்தப் படக் கம்பெனி, ஸ்டூடியோ, 1953ல் மூன்று மொழிகளில் எடுத்த ‘சண்டிராணி’க்கு இயக்குநர் என்று எதையும் விட்டுவைக்காதவர். யாருக்கும் அடங்கிப் போகிறவர் இல்லை என்று பேர் எடுத்தவர். கலை தெரியாத கிரகம் ஒன்று, பூமி முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்து, பாடவும் தெரிந்து பாடம் நடத்தவும் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்கிறது என்றால் அது பானுமதியாகத்தான் இருக்கும். போதாததற்கு, வள்ளி என்று அதே முகச்சாயலில் இன்னொரு பெண்ணாகவும் அவரே வருகிறார்.

இதில் வேடிக்கை, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராக பானுமதி அமர்ந்தார். வேற்றுக் கிரகத்திலிருந்து மீட்டு வந்த பாட்டு டீச்சருக்கு உள்ளூரிலேயே நிரந்தர வேலை!

கே: நீங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் அளவுக்கு அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது? நானும் யூடியூபில் பார்த்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன்.
— தமிழாசிரியை, லாபிஸ்

ப: தூங்கியதில் தப்பில்லை டீச்சர். பாதிப் படத்துக்கு மேல் தட்டும் வராது, கிரகமும் வராது. சொத்துக்கு ஆசைப்படுகிறவர்கள், காதலுக்குக் குறுக்கே நிற்கிறவர்கள் என்று அந்தக் காலத்து மாமூல் சாமான்கள் அத்தனையும் உண்டு. விண்வெளிக் காட்சிகள் இன்றைக்குப் பள்ளி ஆண்டுவிழாவில்கூட இதைவிட நன்றாக வரும். எடுத்த விதத்துக்கு மார்க் போட்டால் முப்பத்தைந்து தேறும். அதுவும் மகாதேவன் தயவில்.

ஆனால் ஒரே ஒரு விஷயம். அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். 1953ல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்வாசிகள் நம் இடத்தைப் பிடிக்க வருகிறார்கள். கிளாட்டு, அணுகுண்டு வைத்து விளையாடினால் சாம்பலாக்கிவிடுவோம் என்று எச்சரிக்க வருகிறார். 1996ல் ‘இண்டிபெண்டன்ஸ் டே’யில் வந்தவர்கள், இருப்பதையெல்லாம் சுரண்டிக்கொண்டு அடுத்த கிரகத்துக்கு நகரும் கூட்டம். எல்லாருக்கும் நம் நிலமும் நீரும் வேண்டும், அல்லது நம்மை மிரட்ட வேண்டும். ‘கலை அரசி’யில் வருகிறவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுமே வேண்டாம். அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது, அது பாட்டு. கிரகம் விட்டுக் கிரகம் தாவும் வண்டி வைத்திருப்பவர்கள், ஒரு பெண் உட்கார்ந்து பாடுவதைப் பார்த்து ஏங்குகிறார்கள். இதை யோசித்தவருக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

அடுத்த நிமிடம் இருபது மார்க்கைக் குறைக்கவும் செய்வேன். இவ்வளவு படித்த ஜனங்கள், வந்து கதவைத் தட்டி, “அம்மா, எங்கள் ஊரில் பாட்டு சொல்லித்தர ஆள் இல்லை, வருகிறீர்களா?” என்று ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் பானுமதி என்ன சொல்லியிருப்பார்? சம்பளம் எவ்வளவு, பக்கவாத்தியத்துக்கு யார் என்று விசாரித்திருப்பார். படம் அங்கே வேறு மாதிரிப் போயிருக்கும். எம்.ஜி.ஆருக்கு வேலை இல்லாமல் போயிருக்கும் என்பதால்தான் கேட்காமல் விட்டார்களோ என்னவோ.

கே: ஆளைத் தூக்கிக்கொண்டு போய் வேலை வாங்குவது நமக்குப் புதுசா ஐயா? எங்கள் தாத்தாவை எப்படிக் கூட்டிவந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?
— தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சாஆ

ப: உங்கள் தாத்தாவைக் கேட்டுத்தான் கூட்டிவந்திருப்பார்கள் அண்ணே. அங்கேதான் சூட்சுமமே. கங்காணி ஊருக்கு வந்தார். தலைப்பாகை, குடை, கையில் முன்பணம். மலாயாவில் கூலி இவ்வளவு, லயத்தில் வீடு, அரிசி உண்டு என்றார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றினார். ‘ரஜூலா’வின் கீழ்த்தட்டில் வந்த கதை பாதிக் குடும்பங்களில் இன்னும் ஓடுகிறது. பினாங்கில் இறங்கி, பூலாவ் ஜெரெஜாக்கில் நோய்த்தடுப்பு முகாமில் இருந்து, தோட்டத்துக்கு வந்து முதல் சம்பளத்துக்குக் கை நீட்டியபோதுதான் பலருக்கும் அந்த முன்பணம் கடன் என்றே தெரிந்தது. 1938ல் இந்திய அரசு தடை போடும்வரைக்கும் இந்த ஆள்பிடிப்பு நடந்தது. நம்பியாரின் கிரகத்தில் முன்பணமும் இல்லை, கடனும் இல்லை. அந்த வகையில் அவர் கொஞ்சம் யோக்கியர்.

இன்னொன்றும் உண்டு. நம் தாத்தா பாட்டிகளை இங்கே அழைத்தவர்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு கை மட்டும். பால் மரம் வெட்ட, காட்டை அழிக்க, ரயில் பாதை போட. பாட்டுத் தெரியுமா என்று எந்தத் துரையும் கேட்கவில்லை. கேட்காமலே தப்பும் கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியும் மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்தன. துரை பங்களாவுக்குக் கேட்கிற தூரத்தில் மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியத் தப்படித்திருக்கிறார்கள். அத்தனை வருடம் கேட்டும், அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தத் துரைக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. வேற்றுக்கிரகவாசிக்குத் தோன்றியிருக்கிறது!

கே: அந்தக் காலத்தில் எங்க தோட்டத்துல துணி கட்டிப் படம் போடுவாங்க. ‘கலை அரசி’யும் வந்துச்சு. ரீல் மாத்தற நேரத்துல எம்.ஜி.ஆர். ஆகாசத்துலயே நின்னுட்டாரு. கரண்டு வேற போயிருச்சு. மிச்சப் படத்தை நான் இன்னிக்கு வரைக்கும் பார்க்கல. அவரு திரும்பி வந்தாரா தம்பி?
— பால் மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மா, லாபிஸ்

ப: பத்திரமாக வந்துவிட்டார் அம்மா, வாணியையும் கூட்டிக்கொண்டு. நீங்கள் திரைக்கு முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தீர்களா, பின்பக்கமா? முன்னால் கிராணி வீட்டு நாற்காலிகள் போட்டுவிட்டால் எங்களைப் போன்ற வால்களுக்குப் பின்பக்கம்தான். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும், எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுற்றுவார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் மொய்க்கும் ஈசல் வேறு திரையில் பூதாகாரமாகப் பறக்கும். வேற்றுக்கிரகவாசிகளைக் காட்ட நம்பியாரைவிட அந்த ஈசல்களே பொருத்தம் என்று அப்போதே எனக்கு ஓர் அபிப்பிராயம்.

கே: வேற்றுக் கிரகத்துக்குப் போய்த் திரும்ப உண்மையில் எவ்வளவு நாள் ஆகும்? படத்தில் ஏதோ சிங்கப்பூர் போய் வருகிற மாதிரி காட்டுகிறார்களே!
— ஐந்தாம் படிவ மாணவி, பெக்கோக்

ப: சிங்கப்பூர் போவதானால் பாலத்தில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைக் கணக்கிட எந்த விஞ்ஞானியாலும் முடியாது.

நட்சத்திரக் கணக்கு சுலபம். சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம் புரோக்ஸிமா சென்டாரி. ஒளி அங்கிருந்து வந்து சேரவே 4.2 வருடம் எடுக்கும். மனிதன் அனுப்பியதில் வெகுதூரம் போயிருப்பது 1977ல் கிளம்பிய வாயேஜர் 1. நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் புரோக்ஸிமாவுக்குப் போக ஏறத்தாழ 75,000 வருடம். நம்பியார் கிளம்பும்போது பூமியில் யாரும் பாடத் தொடங்கியிருப்பார்களா என்பதே சந்தேகம்.

ஒரு நல்ல சேதி. பெக்கோக் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி வடக்கே இருக்கிறது. வடதுருவப் பக்கத்து நட்சத்திரங்களும் தென்துருவப் பக்கத்து நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட எல்லாமே வருடத்தில் ஏதாவது ஒரு நாள் நம் வானத்தில் வந்து போகும். லண்டன்காரனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மே மாதம், மேகம் இல்லாத இரவு, பத்து மணி வாக்கில், செம்பனை மறைக்காத இடமாகப் பார்த்துத் தெற்கே திரும்பி நில். சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் தெரியும். அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே, பளிச்சென்று இரண்டு. சிலுவையிலிருந்து தள்ளி நிற்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. புரோக்ஸிமா அதற்குப் பக்கத்து வீடு; வெறும் கண்ணுக்கு எட்டாது. போகும்போது கொசுமருந்து தடவிக்கொள்.

கே: என்ன இருந்தாலும் ஸ்பீல்பெர்க்கின் ‘க்ளோஸ் என்கவுன்ட்டர்ஸ்’தான் கிளாசிக். அதையும் ‘கலை அரசி’யையும் ஒரே தட்டில் வைக்கலாமா?
— ஓய்வுபெற்ற நிலையத் தலைவர், பெக்கோக்

ப: ஒரே தட்டில் வைக்க முடியாதுதான் ஐயா, அவருடைய தட்டு ரொம்பப் பெரிசு. 1977 நவம்பரில் வந்தது. போன வாரம் அதையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைசி அரை மணி நேரம் இன்றைக்கும் உட்காரவைக்கிறது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது நடுவில் வரும் நம்மூர்க் காட்சி. மகாராஷ்டிரத்தில் கோபோலிக்குப் பக்கத்தில் ஹால் என்கிற சிற்றூரில் எடுத்தார்கள். பெருங்கூட்டம் தரையில் உட்கார்ந்து ஐந்தே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானியாக வரும் பிரான்சுவா த்ருஃபோ (அவரே பெரிய இயக்குநர்) இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி ஆகாயத்தைச் சுட்டுகிறார்கள். வசனம் கிடையாது. ஆயிரம் விரல்தான் பதில்.

ஜான் வில்லியம்ஸ் போட்ட அந்த ஐந்து ஸ்வரத்தை நம் கணக்கில் சொன்னால் ரி, க, ஸ, பிறகு கீழ் ஸ்தாயி ஸ, அதன் மேலே ப. மோகனம் கற்றுக்கொள்ளும் எந்தப் பிள்ளையும் ஆர்மோனியத்தில் வாசித்துவிடும். அங்கேயும் பாட்டுதான் பாலம். 14 வருடம் முன்னால் கோடம்பாக்கத்தில் போட்ட அஸ்திவாரம்! ஸ்பீல்பெர்க் நம் படத்தைப் பார்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்லிக்கொண்டு சிலர் கிளம்பிவிடுவார்கள் என்பதற்காக இப்போதே எழுதிவைக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது. ஸ்பீல்பெர்க் படத்தில் நாம் வாசிக்கிறோம், அவர்கள் வாசிக்கிறார்கள். கச்சேரியில் வயலினும் பாட்டும் மாதிரி மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள். ‘கலை அரசி’யில் வாணி பாடுவதை அவர்கள் வாங்கிக்கொள்வதோடு சரி. அவர்கள் ஊர் விஞ்ஞானத்தில் ஒரு வரியாவது வாணிக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அந்த அம்மாளே தட்டை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பார்.

கே: ‘ஈ.டி.’ படம் சத்யஜித் ரேயிடமிருந்து திருடியது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஜொகூர் பாரு

ப: திருட்டு என்று நான் முத்திரை குத்த மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன். ரே 1962ல் ‘பங்குபாபுர் பந்து’ என்று வங்காளியில் ஒரு சிறுகதை எழுதினார். ஊரே கேலி செய்யும் ஒரு சாது வாத்தியாருக்கு வேற்றுக்கிரகவாசி ஒருவர் நண்பராகிறார். அதன் நீட்சியாக 1967ல் ‘தி ஏலியன்’ என்று ஒரு திரைக்கதை. கொழும்பில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கின் பழக்கத்தால் மைக் வில்சன் என்பவர் நடுவில் வந்தார். ஹாலிவுட்டின் கொலம்பியா கம்பெனி, பீட்டர் செல்லர்ஸ், மார்லன் பிராண்டோ என்று பெரிய பெரிய பேர் அடிபட்டது. திரைக்கதையின் உரிமையில் வில்சன் தன் பேரையும் சேர்த்துப் பதிந்துவைத்திருப்பது பிறகுதான் ரேவுக்குத் தெரிந்தது. படம் நின்றுபோனது. 1982ல் ‘ஈ.டி.’ வந்தபோது, என் திரைக்கதைப் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றாமல் இது சாத்தியமில்லை என்கிற பொருளில் ரே பேசினார். ஸ்பீல்பெர்க் மறுத்தார். வில்சன்? பின்னாளில் இலங்கையிலேயே சாமியாராகி சுவாமி சிவ கல்கி ஆனார். திரைக்கதையை விடப் பெரிய திருப்பம் அதுதான்.

ரேயின் அந்தத் திரைக்கதையில் வண்டி, ஒரு கிராமத்துத் தாமரைக் குளத்தில் வந்து விழுகிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பார்த்து, மூழ்கிப்போன கோயில் எழும்பிவிட்டது என்று ஊர் ஜனங்கள் கும்பிடத் தொடங்குகிறார்கள். நம் மண்ணை இவ்வளவு கச்சிதமாகப் புரிந்துகொண்டு எழுதிய காட்சி வேறு இல்லை. இங்கே விழுந்தால் முதல் வாரம் மஞ்சள் துணி, இரண்டாம் வாரம் உபயதாரர் பெயர்ப்பலகை, மூன்றாம் வாரம் நிர்வாகக் குழு, நாலாம் வாரம் இன்னொரு நிர்வாகக் குழு.

கே: ஒருவேளை பெக்கோக்கில் வந்து இறங்கினால்?
— கோப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதும் நண்பர்கள், பெக்கோக்

ப: பந்தாங் அருவிப் பக்கம் சனி, ஞாயிறில் இறங்கினால் பார்க்கிங் கிடைக்காது. ரயில் நிலையத்துப் பக்கம் இறங்கினால் முதலில் போன் எடுத்துப் படம் பிடிப்போம். அடுத்ததாக, தட்டின் அடியில் ஏதாவது எண் எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நாலு நம்பர் எடுக்க ஓடுவோம். அதற்குப் பிறகுதான் போலீஸ்.

அதிகாரபூர்வமாக வரவேற்க ஆள் வேண்டும் என்றால் அதற்கும் மலேசியாவில் ஒருவர் இருந்தார். சிரம்பானில் பிறந்த டாக்டர் மஸ்லான் ஒஸ்மான், நாட்டின் முதல் வானியற்பியலாளர். வியன்னாவில் ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தார். 2010ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள், வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் பூமியின் சார்பில் கைகுலுக்கப்போகும் தூதர் இவர்தான் என்று எழுதித் தள்ளின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு பதவி இல்லை என்று அவரே மறுக்க வேண்டியதாயிற்று. அதே வருடம்தான் ஸ்டீபன் ஹாக்கிங், அவர்களைத் தேடிப் போகாதீர்கள், கொலம்பஸ் வந்தது அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நன்மையாக முடியவில்லை என்று எச்சரித்தார். ஹாக்கிங் சொல்வது ஒரு பக்கம் இருக்க, சிரம்பான்காரர் வரவேற்றிருந்தால் முதலில் சாப்பாட்டுக்குத்தான் உட்காரவைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

கே: வாயேஜரில் அனுப்பிய தங்கத் தட்டில் தமிழ் இருக்கிறதா?
— தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர், குளுவாங்

ப: இல்லை. 55 மொழிகளில் வணக்கம் பதிந்தார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, சுமேரியனும் உண்டு. தமிழும் மலையாளமும் இல்லை. உடனே கண்டனத் தீர்மானம் போடாதீர்கள். கார்ல் சேகன் குழு அவசரம் அவசரமாகச் சேர்த்தது. பெரும்பாலும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கையில் அகப்பட்டவர்களை வைத்துப் பேசவைத்தார்கள். அன்றைக்கு நம் ஆள் யாரோ வகுப்புக்கு மட்டம் போட்டிருக்கிறார்.

அந்தத் தட்டில் எனக்குப் பிடித்த வணக்கம், நம் ஹொக்கியன் கடைக்காரர்களுக்குப் புரியக்கூடிய அமோய் பேச்சில் இருப்பது. விண்வெளி நண்பர்களே, சௌக்கியமா, சாப்பிட்டாயிற்றா, நேரமிருந்தால் வந்து போங்கள் என்கிற மாதிரி ஓர் அம்மா பேசுகிறார். மற்றவர்கள் சமாதானம், நல்வாழ்த்து என்று மேடையில் பேசிக்கொண்டிருக்க, இந்த அம்மா மட்டும் பக்கத்து வீட்டுக்காரரைப் பசியாறக் கூப்பிடுகிறார். தமிழ் இல்லாத குறை எனக்கு அதிலேயே பாதி தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, அதே தட்டில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி இருக்கிறது. கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் பாட்டு டீச்சர் வேண்டும் என்று கிளம்பிவிடப் போகிறார்கள்.

கே: மலேசியாவில் யாராவது நிஜமாகப் பார்த்திருக்கிறார்களா?
— வாசகர், சிகாமட்

ப: 1970ல் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிப் பையன்கள் சிலர், மூன்று அங்குல உயர ஆட்கள் ஒரு குட்டித் தட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பறக்கும் தட்டுப் பிரியர்கள் இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று அங்குலம்! பூமியைப் பிடிக்க வந்திருந்தாலும் புல்லைத் தாண்டவே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

கே: நம் ஜொகூர் காட்டு ‘மாவாஸ்’ மனிதக் குரங்கை விட்டுவிட்டீர்களே?
— வாசகர், கோத்தா திங்கி

ப: விடவில்லை. 2005 கடைசியில் உங்கள் ஊர்ப் பக்கம் பார்த்ததாகப் பேச்சு கிளம்பி, மாநில அரசே காட்டுக்குள் தேட ஆள் அனுப்பியது. எண்டாவ்-ரொம்பின் காடு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள். அகப்படவில்லை. அந்தக் காட்டில் உண்மையாகவே இருந்த சுமத்ரா காண்டாமிருகத்தை இப்படித் தேடியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். 2019ல் மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகமும் செத்துப்போனது.

பெக்கோக் வழியாக அதே காட்டின் செலாய்ப் பகுதிக்குள் போனால் ஜாக்குன் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து விசித்திரமான வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்குவது பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆட்கள் வந்து ரொம்ப காலம் ஆயிற்று, இப்போது செம்பனை நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தாலும் வரும்.

கே: ‘அயலான்’ பார்த்தீர்களா?
— சிவகார்த்திகேயன் தங்கை, லாபிஸ்

ப: 2024 பொங்கலுக்கு வந்ததுமே பார்த்தேன் தங்கச்சி. கிராபிக்ஸ் பிரமாதம், வேற்றுக்கிரகவாசிக்குச் சித்தார்த் கொடுத்த குரல் சுகம். எம்.ஜி.ஆர். விவசாயி, சிவகார்த்திகேயனும் மண்ணை நேசிக்கும் கிராமத்துப் பிள்ளை. 61 வருடம் கழித்தும் வேற்றுக்கிரகவாசிக்கு வங்கி மேனேஜர் யாரும் கண்ணில் படவில்லை.

கே: பள்ளி ஆண்டுவிழாவுக்குக் ‘கலை அரசி’யை நாடகமாகப் போடுகிறோம். ஆனால் வாணியை ஒருத்தர் போய் மீட்பது பிடிக்கவில்லை. முடிவை எப்படி மாற்றலாம்?
— ஆறாம் ஆண்டு மாணவிகள், பெக்கோக்

ப: மீட்கவே வேண்டாம் கண்ணுகளா. வாணி அங்கே போனதும் கிரகத்தையே வரிசையாகச் சப்பணமிட்டு உட்காரவைக்கட்டும். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலம். தாளம் தப்பினால் முதலிலிருந்து. கீர்த்தனை எப்போது என்று கேட்டால் இன்னும் ஜண்டை வரிசையே வரவில்லை என்று அதட்டல். மூன்றாம் மாதம் அவர்களே தட்டில் ஏற்றி, பழத்தட்டு தேங்காயோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். நம்பியார் வேடத்துக்கு உங்கள் கணக்கு வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.